குதிக்கால் நோவும் அதிர்ச்சியலைச் சிகிச்சையும்

குதிக்காலின் அடிப்புறத்தே தோன்றும் நோவை நம்மவர் குதிக்கால் வாதம் என்று வழங்குவர். பாதத்தைச் சமமின்றி ஊன்றுவதால் உண்டாகும் நோவொன்றைச் சுசுருத சங்கிதை வாதகண்டகம் எனக் குறிக்கும். இன்றைய ஆயுள்வேத வைத்தியர்கள் குதிக்கால் நோவை அதனோடு ஒப்புநோக்குவர். கண்டகம் என்பது முள். அப்பெயரை இட்டவர் நோயாளியின் சொல்லைச் செவிகொடுத்துக் கேட்டவராதல் வேண்டும். ஏனெனில் இந்நோயுடையார் எவரை வினவினும் அவர் கூறுவது ஏறக்குறைய இதுவே: காலையில் எழுந்து பாயைவிட்டு முதலடி எடுத்துவைத்ததும் குதியில் முள்ளேறினாற் போன்றதொரு குத்தல், பத்தடி நடந்தபின் அது சற்றே தணிதல், நெடுநேரம் அமர்ந்து எழுந்தாலும், நாள்முழுதும் நின்று உழைத்தாலும் மீண்டும் அது தலைதூக்குதல்.

மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஊடாக அக்கரைப்பற்று வரையிற் கிடக்கும் கடற்கரைப் பட்டினங்களின் வாழ்க்கை பெரிதும் காலின்மேல் நிற்பது. மருதமுனையின் தறிகளிலே மிதியை மிதிப்பது கால். கரைவலையின் கயிற்றைப் பற்றிக்கொண்டு குதியை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடப்பதும் கால். மேற்கே விரிந்த வயல்களில் வரம்பிலே நடப்பவர்க்கும், சந்தையிற் கடைவைத்து நிற்பவர்க்கும், சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு அடுக்களை வேலை பார்க்கும் தாய்மார்க்கும் இது பொருந்தும். கரும்பலகை முன்னே நாளெல்லாம் நிற்கும் ஆசிரியரையும் இப்பட்டியலினின்று நீக்குதற்கில்லை. வேலைநேரத்தின் பெரும்பகுதியை நின்றே கழித்தல், உடற்பருமன், கணுக்கால் மேனோக்கி மடங்குந் திறன் குறைதல் ஆகிய மூன்றும் இந்நோவோடு தொடர்புடையன என 2003 ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டிற்று. மூன்றனுள் முதலாவதை இப்பகுதி மக்களுட் பலர் விலக்கிக்கொள்ள இயலாது. நாட்கூலி பெறுபவர்க்கு நிற்க இயலாமை என்பது வருவாய் இல்லாமையே.

இத்தகையோருக்கு அதிர்ச்சியலைச் சிகிச்சை என்னும் பெயர் அண்மைக்காலத்தில் எட்டியிருக்கின்றது. இலங்கையின் தனியார் மருத்துவ நிலையங்களில் அதற்குரிய கருவிகள் காணப்படுகின்றன. உற்றார் ஒருவர் அதனாற் குணமடைந்தார் என்ற பேச்சும், பணம் வீணாயிற்று என்ற பேச்சும் ஒருங்கே உலவுகின்றன. இரண்டும் உண்மையாயிருத்தல் கூடும். அஃது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நோவின் இருப்பிடத்தை அறிதல் வேண்டும். குதிக்கால் எலும்பின் அடியிலிருந்து புறப்பட்டு, உள்ளங்காலின் நீளத்துக்குப் பரந்து, விரல்களின் அடியிற் சென்று பொருந்தும் தடித்த நார்ப்பட்டை ஒன்று உண்டு. பாதத்தின் வளைவை வில்லெனக் கொண்டால் இந்நார்ப்பட்டை அதன் நாணாகும். 1954 ஆம் ஆண்டிலே ஜே. எச். ஹிக்ஸ் என்பார் இதன் தொழிலை அழகுற விளக்கினார். நடக்கும்போது குதி நிலத்தைவிட்டு எழ, விரல்கள் மேனோக்கி மடங்குகின்றன. அப்பொழுது நார்ப்பட்டை, நெய்த துணி தறியின் உருளையிற் சுற்றப்படுவதுபோல, விரலடி மூட்டுக்களைச் சுற்றி இழுக்கப்படுகின்றது, வளைவு உயர்கின்றது, பாதம் உறுதியான நெம்புகோலாகின்றது. வாசகர் இதனை இப்பொழுதே சோதிக்கலாம். நின்றபடி, வேறொருவரைக்கொண்டு பெருவிரலை மேனோக்கி உயர்த்தச் செய்க. உள்ளங்கால் வளைவு தானே எழுவதைக் காணலாம். இவ்விழுப்பு ஒவ்வோர் அடிக்கும் நிகழ்கின்றது. அதன் பெருஞ்சுமை, பட்டை எலும்போடு பொருந்துமிடத்தில், குதியின் அடியில் சற்றே உட்புறமாக விழுகின்றது. விரலால் அழுத்தினால் நோயாளி காலை இழுத்துக்கொள்ளும் இடம் அதுவே.

நெடுங்காலமாக இந்நோவை அழற்சி என்றே மருத்துவர் கருதினர். ஆயின் 2003 ஆம் ஆண்டில் லெமன்ற் என்பவரும் அவர்தம் குழுவினரும் அறுவைச் சிகிச்சைக்குட்பட்ட 50 பேரின் நார்ப்பட்டைத் துண்டுகளை நுணுக்குக்காட்டியிற் பரிசோதித்தபோது அழற்சிக்குரிய கலங்களைக் காணவில்லை. நார்கள் சிதைந்து ஒழுங்கிழந்திருந்தமையையே கண்டனர். நாட்பட்ட நோவிற் பட்டை எரிவதன்று, தேய்ந்து நைவதே என்று இதனாற் கொள்ளலாம். எக்ஸ்-கதிர்ப் படத்திற் குதியெலும்பின் அடியில் முள்போல் நீண்ட வளர்ச்சியொன்று தெரிவதுண்டு. அதனைக் கண்டு அஞ்சி, அதை வெட்டி எடுத்துவிட வேண்டுமென வற்புறுத்துவோர் பலர். நோவே இல்லாதவர் பலரிடத்தும் அம்முள் உண்டு. நோவு நீங்கியவரிடத்தும் அது நீங்காதிருக்கும். அதனைக் குற்றவாளியாக்குதற்குப் போதிய சான்றில்லை.

இனி அதிர்ச்சியலையைப் பார்ப்போம். கிழக்குக் கரையோரத்தார்க்கு இதன் கொடிய வடிவம் தெரியாததன்று. கடலில் வெடிவைத்து மீன் பிடிக்கும் முறை 1996 ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டத்தால் விலக்கப்பட்டது. வெடி வெடித்ததும் நீரில் விரைந்து பரவும் அமுக்க அலை மீனின் தசையூடே பெரும்பாலும் தடையின்றிச் செல்கின்றது. ஏனெனில் தசையும் நீரும் ஒலியலையைக் கடத்துவதில் ஏறக்குறைய ஒத்தவை. காற்றுப் பையை அடைந்ததும் நிலைமை மாறுகின்றது. நீர்த்தன்மையான பொருளும் வாயுவும் சந்திக்கும் எல்லையில் அலை தெறிக்க, பை கிழிகின்றது. இரண்டாம் உலகப் போரிலே கடலில் மிதந்த மாலுமிகள், அருகே வெடித்த நீரடிக் குண்டுகளால், மேனியிற் காயமின்றி நுரையீரல் சிதைந்து இறந்தமையும் இக்காரணத்தாலேயே. அலை தீங்கு செய்வது தான் கடக்கும் ஊடகத்தில் அன்று. இரு வேறு ஊடகங்களின் எல்லையிலே. இவ்வொரு கருத்தே பின்னர் மருத்துவமாயிற்று.

ஜேர்மனியில் விமானங்களை அமைத்த டோர்னியர் நிறுவனத்தார், ஒலியினும் விரைந்து பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதுவதால் உண்டாகும் சேதத்தை ஆராய்ந்தனர். துளி மோதும்போது பிறக்கும் அதிர்ச்சியலை பொருளினுட் புகுந்து தொலைவிலும் தாக்கம் விளைவிப்பதை அவர்கள் கண்டனர். அவ்வாறாயின், உடலைத் திறவாமலே சிறுநீரகக் கல்லை உடைத்தல் கூடாதோ என்னும் கேள்வி எழுந்தது. மியூனிக் நகரில் கிறிஸ்ரியன் சௌசியும் அவர்தம் துணைவரும் 1980 ஆம் ஆண்டு பெப்ரவரி 7 ஆம் நாள் முதல் நோயாளிக்கு இச்சிகிச்சையைச் செய்தனர். கருவியின் உள்ளமைப்பு கேத்திரகணிதம் பயிலும் மாணவர்க்கு மகிழ்ச்சி தருவதாகும். நீள்வளையத்துக்குக் குவியங்கள் இரண்டு. ஒன்றினின்று புறப்படும் அலை சுவரிற் தெறித்து மற்றொன்றிலே ஒருங்கு கூடும். நீள்வளைய வடிவான உலோகக் கிண்ணத்தின் முதற்குவியத்தில் நீருக்கடியே மின்பொறியொன்றைத் தெறிக்கச் செய்தனர். இரண்டாங் குவியத்தில் நோயாளியின் கல் இருக்குமாறு அவரை நீர்த்தொட்டியிற் கிடத்தினர். இடையேயுள்ள தசையை அலை அமைதியாகக் கடந்தது. கல்லின் எல்லையிலே அது தன் வலிமையைக் காட்டிற்று. இத்தகைய அலையின் அமுக்கம் ஒரு செக்கனின் பத்துக்கோடியில் ஒரு பங்கு போன்ற நேரத்திலே வளிமண்டல அமுக்கத்தினும் நூற்றுக்கணக்கான மடங்கு உயர்ந்து, பின் சடுதியாக வீழ்வது.

கல்லை உடைத்த அலை எலும்புக்கு யாது செய்யும் என்ற ஆராய்ச்சியிலே எதிர்பாராத செய்தி வெளிப்பட்டது. பொருந்தாது நின்ற எலும்பு முறிவுகளை அதிர்ச்சியலையாற் பொருந்தச் செய்ததாக 1991 ஆம் ஆண்டிலே பல்கேரிய மருத்துவர் இருவர் அறிவித்தனர். உடைப்பதற்கென ஆக்கப்பட்ட கருவி ஒட்டவும் உதவிற்று. தசைநாண் நோய்களுக்கும் அது பயன்படலாயிற்று. 2000 ஆம் ஆண்டிலே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நாட்பட்ட குதிக்கால் நோவுக்கு இவ்வகைக் கருவியொன்றை முதன்முறையாக அனுமதித்தது. இங்கே எதையும் உடைப்பது நோக்கமன்று என்பதை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். குதியிலுள்ள எலும்பு முள்ளை இவ்வலை பொடியாக்குகின்றது என்று சிலர் கூறுவது வெறுங் கற்பனை. தசைநாண் எலும்போடு பொருந்துமிடத்திற் புதிய குருதிக்கலன்கள் முளைத்தலை முயல்களிற் கண்டுள்ளனர். நோவை உணர்த்தும் நுண்ணரம்பிழைகள் குறைதலையும் கண்டுள்ளனர். சிறுகாயத்தால் உடலைத் தட்டியெழுப்பி, நின்றுபோன பழுதுபார்ப்பை மீளத் தொடங்கச் செய்தல் என்று இதனைச் சுருக்கிக் கூறலாம். மனிதக் குதியில் இவற்றுள் எது எவ்வளவு தொழிற்படுகின்றது என்பது முடிந்த முடிபன்று.

இன்று சிறு நிலையங்களிற் பெரும்பாலும் உள்ளது சௌசி பயன்படுத்திய வகைக் கருவியன்று. அது கைத்துப்பாக்கி போன்ற பிடியுடையது. உள்ளே ஒரு குழாய். அதனுள்ளே சிறு உலோகக் குண்டு. அழுத்தப்பட்ட காற்று அக்குண்டைத் தள்ள, அது முனையிலுள்ள தட்டில் மோதுகின்றது. அம்மோதல் தோலூடே விசிறிபோல் விரிந்து பரவுகின்றது. ஆகவே வலிமை மேற்பரப்பிலேயே மிகுதி, ஆழஞ்செல்லக் குறையும். அமுக்கம் எழும் வேகமும் பன்மடங்கு மந்தமானது. பௌதிகவியலார் இதனை அதிர்ச்சியலை என ஒப்புக்கொள்ளார். அமுக்க அலை என்றே கூறுவர். நார்ப்பட்டை ஆழமில்லாத இடத்தில் இருப்பதால் இவ்வகையும் அதனை எட்டும். இருவகைக்கும் பெயர் ஒன்றேயாதலால், தமக்குச் செய்யப்படுவது எது என்று நோயாளி வினவுதல் தவறன்று. பொதுவாக வாரம் ஒன்றாக மூன்று முறை, முறைக்கு 2000 அடிகள் அளவில், சில நிமிடங்களுள் முடியும். தோலுக்கும் முனைக்குமிடையே களி பூசுவது அழகுக்கன்று. காற்றுப்படலம் இருப்பின் அலை தெறித்துவிடும் என்ற, மேலே மீனின் காற்றுப்பையிற் கண்ட, அதே காரணத்தாலாம்.

சான்றுகள் இரண்டுபட்டிருக்கின்றன. 2002 ஆம் ஆண்டிலே மெல்பேண் நகரில் புக்பைண்டர் குழுவினர் 166 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு மெய்யான சிகிச்சையும் மற்றதற்குப் போலிச் சிகிச்சையும் அளித்தனர். 12 வாரத்தின்பின் 100 அலகு கொண்ட நோவளவையில் முன்னவர்க்கு 26.3 குறைந்தது, பின்னவர்க்கு 25.7 குறைந்தது. அடுத்த ஆண்டு ஜேர்மனியில் ஹாக்கே குழுவினர் 272 பேரிடம் நடத்திய ஆய்விலே 12 வாரத்தில் தேறியவர் நூற்றுக்கு 34. போலிச் சிகிச்சையில் 30. ஓராண்டு கழிந்தபோது அவை 81, 76 ஆயின. இவ்விறுதி எண்களை ஊன்றி நோக்குக. போலிச் சிகிச்சை பெற்றவரிலும் நாலில் மூவர் ஓராண்டிலே தேறினர். காலமும் ஓய்வும் நம்பிக்கையும் செய்த வேலையைக் கருவி தன் கணக்கில் எழுதிக்கொள்வது எத்துணை எளிது!

இதனோடு வழக்கு முடிந்துவிடவில்லை. ஹாக்கே ஆய்விலே குதியை ஊசியால் விறைக்கச் செய்த பின்னரே அலையைச் செலுத்தினர். விறைப்பு மருந்து அலையின் பயனைக் கெடுக்கும் எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. நரம்பு உணராதவிடத்து உடலும் எழுவதில்லை போலும். விறைப்பு மருந்தின்றி, நோயாளி நோகுமிடத்தைச் சொல்ல அவ்விடத்திலேயே முனையை வைத்து நடத்திய ஆய்வுகள் வேறுவிடை தந்தன. 2008 ஆம் ஆண்டிலே கேர்டெஸ்மையர் குழுவினர், காற்றாற் குண்டு தள்ளும் வகைக் கருவியை 245 பேரிடம் ஆராய்ந்தனர். 12 வாரத்தில் நோவு நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது. போலியில் 45 பங்கு. 2015 இல் கொல்விற்சர் குழுவினர் குவிய அலையைக்கொண்டு 69 எதிர் 35 என்னும் விளைவைக் கண்டனர். இவ்விரண்டுக்கும் கருவி ஆக்குவோரின் பொருளுதவி இருந்தமையைச் சொல்லாது விடலாகாது. 2024 இல் வெளியான ஒஸ்லோ நகர ஆய்வோ 200 பேருக்கு அறிவுரையும் காலணி உட்தாங்கியும் அளித்து, சிலருக்கு அவற்றின்மேல் அலைச் சிகிச்சையைக் கூட்டியது. அங்ஙனம் கூட்டியதால் மேலதிக நன்மை காணப்படவில்லை.

இவற்றை எடைபோடுமிடத்து என் துணிபு இது: அதிர்ச்சியலை ஏமாற்றன்று, முதன்மருந்தும் அன்று. எளிய முறைகளைச் சில மாதம் செவ்வனே செய்தும் தேறாதவர்க்கு, கத்திக்கு முன்னே நிற்கும் ஒரு படி அது. நோவு தொடங்கிய மூன்றாம் வாரத்திலே அதற்காகப் பணங்கொடுப்பவர் பெரும்பாலும் தாமே தேறுவதற்குரிய விலையைக் கொடுக்கின்றார்.

அவ்வெளிய முறைகளுள் தலையாயது செலவற்றது. 2003 ஆம் ஆண்டிலே நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்ரர் நகரில் டிஜியோவன்னி குழுவினர் 101 பேரிடம் ஆராய்ந்து சிறப்பெனக் கண்டது அது. காலையில் முதலடி வைக்குமுன் அமர்ந்தபடியே நோவுள்ள காலை மற்றைத் தொடைமேல் இட்டு, கையால் விரல்களை முழந்தாட்பக்கமாக இழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்தல் வேண்டும்; இதனைப் பத்துமுறை, நாளுக்கு மூன்று வேளை செய்தல் வேண்டும். ஹிக்ஸ் சொன்ன உருளையைக் கையாற் சுற்றுவதே இது. இரவில் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க, பட்டை தளர்ந்து கிடக்கும். அதனை முன்னறிவித்து எழுப்பாமல் முதலடியின் சுமையை ஏற்றுவதாலேயே காலை நோவு கடுமையாகின்றது. எனவே பாயைவிட்டு எழுந்தபின் செய்யும் பயிற்சி பாதிப் பயனே தரும். இப்பகுதியினர்க்கு விரல் மடக்கும் நிலை புதிதன்று. தொழுகையிலே சுஜூதிலும் இருப்பிலும் விரல்களை மடக்கித் தரையில் ஊன்றுதல் அவர்கள் நாளும் செய்வது. இதனைக்கொண்டு தொழுகையை மருத்துவம் என்று கூறுவது இரண்டையும் குறைத்து மதிப்பதாகும். ஆயினும் அந்நிலையைச் சிறுவயது முதல் அறிந்த கால்களுக்கு இப்பயிற்சியைக் கற்பித்தல் அரிதன்று.

விரல்களின் கீழே சுருட்டிய துவாயை வைத்து, படியின் விளிம்பில் நின்று, குதியை மெல்ல உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியையும் டென்மார்க் ஆய்வாளர் 2015 இல் 48 பேரிடம் சோதித்தனர். மூன்றாம் மாதத்தில் அது பட்டையை நீட்டும் பயிற்சியினும் மேலாய் இருந்தது. ஓராண்டில் இரண்டும் சமமாயின. வீட்டினுள்ளும் மென்மையான செருப்பணிதல், வெறுஞ்சீமெந்தில் நெடுநேரம் நில்லாமை, உடலெடையைக் குறைத்தல் என்பன பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. குதியின் அடியில் ஸ்டீரொய்ட் ஊசி போடுதல் சில வாரங்களுக்கு நோவைத் தணிக்கும். மீண்டும் மீண்டும் போட்டால் நார்ப்பட்டை அறுதலும், குதியின் மெத்தை போன்ற கொழுப்பு வற்றுதலும் நேரலாம். அறுவடைக் காலத்தைத் தாண்டிவிடுவோம் என்று ஊசியைக் கேட்டு வாங்குவோர் இதனை அறிந்து கேட்டல் நன்று.

பாட்டிமார் வைத்தியம் ஒன்றும் உண்டு: செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்கிலை பரப்பி, குதியால் மிதித்தல். இளஞ்சூடு ஓரளவு ஆறுதல் தருவதில் ஐயமில்லை. அதனை எள்ளுதற்கு நான் ஒருப்படேன். ஆயின் நீரிழிவு நோய் மலிந்த காலம் இது. நீரிழிவாற் பாதத்தின் உணர்ச்சி மழுங்கியவர் கல்லின் சூட்டை உணரார். வெந்த குதி ஆறாப் புண்ணாகி, காலையே இழக்கும் நிலை வரலாம். இத்தகையோர்க்குக் குதியிலே தோன்றும் எந்நோவும் தாமே பார்த்துக்கொள்ளற்குரியதன்று. கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை என அரசினர் வைத்தியசாலைகள் இரண்டு உள்ளன. இரு குதிகளிலும் ஒருங்கே நோவு வந்து காலையில் முதுகும் இறுகியிருப்பவர், இரவில் உறங்கவொட்டாத நோவுடையவர், காய்ச்சலோ வீக்கமோ உடையவர் ஆகியோரும் பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரிடம் செல்லல் வேண்டும். அவர் நோய் வேறாயிருக்கலாம்.

ஆறுமாதம் முயன்றும் நோவு நீங்காது அதிர்ச்சியலையை நாடுபவர், தாம் குருதி உறையாமைக்கு மருந்துண்பவரா என்பதையும், பெண்களாயின் கருவுற்றிருத்தலையும் முன்னரே கூறுதல் வேண்டும். வளரும் எலும்பின்மேல் இதனைச் செலுத்தலாகாது. ஆதலாற் சிறுவர்க்கு இது உரியதன்று. அடி விழும்போது நோவும், பின் சிறிது சிவப்பும், சிலவேளை கன்றலும் உண்டாகும். இவை சில நாளில் மாறும். ஊசியால் விறைக்கச் செய்து தருகிறோம் எனின் மறுத்துவிடல் நல்லது. பயனை மறுநாளே தேடுதல் வீண். ஆய்வாளர் அதனை அளந்தது 12 ஆம் வாரத்தில். அதுவரை காலைப் பயிற்சியை நிறுத்துதற்கில்லை. பாரமிழுத்தலையும் ஓட்டத்தையும் குறைத்துக்கொள்ளல் வேண்டும். கரைவலை இழுப்போர்க்கு இதற்கு வாய்ப்பான காலம், வடகீழ்ப் பருவக்காற்றிற் கடல் கொந்தளிக்க, வலை கரையேறிக் கிடக்கும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களே.